மூன்று நிறங்களும் ஒரு திருத்தமும்

2020 ஆம் ஆண்டு ஒக்டோபரில் எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில் ஒரு பிழையான செய்தியை எழுதினேன். வேண்டுமென்று எழுதியதல்ல. ஆனாலும், இத்தனை ஆண்டுக்காலத் தொழிலில் நான் வெளியிட்ட திருத்தங்களுள் எழுதுவதற்கு மிகவும் தயங்கியது அதற்கான திருத்தத்தைத்தான். அரசியல்வாதி எவருக்கும் அதில் சம்பந்தம் இல்லை. வழக்குப் போடுவேன் என்று எவரும் மிரட்டவும் இல்லை. சம்பந்தப்பட்டது செவ்வாய்க் கிரகம் ஒன்றே. அந்தக் கதைக்குப் போவதற்கு முன் என் வீட்டு மொட்டை மாடியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும்.

திருகோணமலையில் உவர்மலையில் எங்கள் வீடு. மாடியில் நின்றால் ஒரு பக்கம் உட்துறைமுகம். மறுபக்கம், கூரைகளுக்கும் மரங்களுக்கும் அப்பால், கோணேசர் மலை. இரவில் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் நீரில் நீண்டு கிடக்கும். அழகான இடம் என்று வருகிறவர்கள் சொல்வார்கள். ஆனால் இந்த மாடியில் நின்று தூரத்தைப் பார்ப்பது நெடுங்காலமாகச் சாதாரணச் செயலாக இருக்கவில்லை. துறைமுகமும் கடற்படைத் தளமும் உள்ள ஊர் இது. போர்க்காலத்தில் இருகண் நோக்கி ஒன்று வீட்டில் இருந்தாலே அதற்குப் பல இடங்களில் விளக்கம் சொல்லவேண்டி வரும்.

1986 இல் ஹாலியின் வால்வெள்ளி வந்தபோது நான் பாடசாலை மாணவன். விடியப்புறம் எழுந்து மாடிக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் அனுமதி கேட்டேன். “வால்வெள்ளி எழுபத்தாறு வருசத்தாலை திரும்பி வரும், தம்பி. நீ திரும்பி வரமாட்டாய்” என்றார். அவ்வளவுதான். நான் போகவில்லை. பல்கலைக்கழகத்தில் வரலாறும் தமிழும் படித்துப் பத்திரிகைக்கு வந்தேன். வானம் என்பது செய்திக்குள் அடங்காத விடயமாக அப்படியே தங்கிவிட்டது.

ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணா 2013 இல் ஊருக்கு வந்தபோது எட்டு அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். என் பழைய ஏக்கம் அவருக்குத் தெரியும். முதற் கிழமையிலேயே, ரோந்து சென்ற இருவர் வாசலில் நின்று, “ஐயா, மேலே என்ன இருக்கு?” என்று ஓரளவு தமிழில் கேட்டார்கள். மறைக்க ஒன்றுமில்லை, மேலே அழைத்துச் சென்றேன். அன்று குழாய் சனிக் கிரகத்தை நோக்கி நின்றது. இருவரில் இளையவர் கண்ணை வைத்துப் பார்த்தார். வளையத்தைக் கண்டதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “செனசுரு… ஏராஷ்டக” என்றார். “ஓம், ஏழரைச் சனி” என்றேன். மூவரும் சிரித்தோம். இரு மொழிக்காரருக்கும் பயம் ஒன்றுதான். இறங்கும்போது, “இதில் கப்பல் தெரியுமா?” என்று மெல்லக் கேட்டார். “தெரியும். ஆனால் தலைகீழாகத் தெரியும்” என்றேன். அதன்பின் எவரும் வந்து விசாரிக்கவில்லை.

இவ்வூரில் வானத்துக்குக் கருவி நீட்டிய முதல் ஆள் நானல்லன். 1871 டிசம்பர் 12 இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் பாதை தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் கடந்து சென்றது. அதை ஆராய இங்கிலாந்திலிருந்து நோர்மன் லொக்கியர் தலைமையில் ஒரு குழு வந்தது. லொக்கியர் கேரளக் கரையிலுள்ள பேக்கல் கோட்டையில் நின்றார். ஒரு பிரிவு யாழ்ப்பாணத்துக்குப் போயிற்று. ஹென்றி நொட்டிட்ஜ் மோஸ்லி என்ற இளைஞர் திருகோணமலைக்கு வந்தார். நிறமாலைகாட்டி கொண்டு சூரியனின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பதிவு செய்வது அவர் வேலை. அடுத்த ஆண்டே அவர் ‘சலெஞ்சர்’ கப்பலில் உலகக் கடலாய்வுக்குப் புறப்பட்டுவிட்டார். மூலகங்களின் அணு எண்ணை எக்ஸ் கதிர்களால் நிறுவி, 1915 இல் கலிப்போலிப் போர்க்களத்தில் 27 வயதில் மடிந்த மோஸ்லி இவருடைய மகன்.

வெள்ளை ஒளியை அப்படியே பார்த்தால் அது பாதிதான் சொல்லும். பிரித்து விசாரித்தால் மீதியையும் சொல்லும். மோஸ்லி இங்கே வந்து செய்தது அதைத்தான். நிற வடிகட்டிகளை வைத்துக்கொண்டு மாடியில் நான் செய்வதும் அதே வேலையின் மிக எளிய வடிவமே.

கிரகங்களைப் படம் பிடிக்க எங்கள் ஊர் நல்ல ஊர். பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறோம். ஆகையால் கிரகங்கள் எப்போதும் தலைக்கு மேலே உயர்ந்துதான் செல்லும். 2019, 2020 ஆம் ஆண்டுகளில் வியாழன் வானத்தின் தென்பகுதியில் இருந்தது. லண்டனில் அது அடிவானத்திலிருந்து 16 பாகைக்குமேல் எழவில்லை. இங்கே ஏறத்தாழ 59 பாகை. அவ்வளவு தாழ்வில் பார்க்கும் லண்டன்காரர், உச்சிக்கு நேரே உள்ளதைப்போல் மூன்றரை மடங்கு காற்றை ஊடுருவிப் பார்க்கவேண்டும். அங்கே வசிக்கும் உறவினர்கள் எம்மைப் பார்த்துப் பொறாமைப்படக்கூடிய மிகச் சில விடயங்களுள் இதுவும் ஒன்று.

குறைகளும் உண்டு. ஐப்பசி முடிவிலிருந்து தை வரை வாடை மழை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று குழாயை உலுப்பும். உப்புக்காற்று ஆடியின் பூச்சைத் தின்னும். வில்லைகளில் பூஞ்சணம் பிடிக்கும். அரிசிப் பானை போல ஒரு மூடியுள்ள வாளிக்குள் ஈரமுறிஞ்சும் பொதிகளோடு கண்ணாடிகளைப் பாதுகாக்கிறேன். மனைவி அதைக் குழந்தை வளர்ப்பு என்கிறாள்.

இனி, படம் எப்படி எடுக்கப்படுகிறது என்பதைச் சொல்கிறேன். நிலாவின் அகலத்தில் நாற்பதில் ஒரு பங்குதான் வியாழன். அந்தச் சிறு வட்டம் தொலைநோக்கியில், ஓடும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசுபோல் நெளியும். காரணம் எங்கள் காற்றின் கொதிப்பு. ஒரே ஒரு புகைப்படம் எடுத்தால் அது பெரும்பாலும் கலங்கலாகவே வரும். ஆனால் நெளிவுக்கு நடுவே, செக்கனில் ஒரு சிறு பங்கு நேரம், காற்று தற்செயலாக அமைதி கொள்ளும். அந்தக் கணத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிந்து மறையும். அதைப் பிடிப்பதற்கு ஒரே வழி, ஓயாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான்.

ஆகவே வீடியோ எடுக்கிறோம். ஒரு நிமிட வீடியோவில் ஆயிரக்கணக்கான படங்கள். இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பிலிப்ஸ் நிறுவனத்தின் சாதாரண வெப்காமைக் கழற்றித் தொலைநோக்கியில் பூட்டியவர்கள் இந்த வழியைப் பரவலாக்கினார்கள். 2002 இல் ரெஜிஸ்டாக்ஸ் என்ற இலவச மென்பொருள் வந்தது, பின்னர் ஓட்டோஸ்டாக்கேர்ட். மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் தரம் பார்த்து, நல்லவற்றில் பத்து வீதத்தையோ இருபது வீதத்தையோ மட்டும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காணும். தொண்ணூறு வீதம் குப்பைக்குப் போகும். பத்திரிகைக்காரனுக்கு இது புதிதல்ல. நூறு பேரிடம் கேட்டுப் பத்துப் பேரின் சொல்லை எழுதுவதுதானே எங்கள் பிழைப்பு?

கமரா கறுப்பு வெள்ளைக் கமரா. அதன் முன்னே ஒரு சக்கரத்தில் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வீடியோக்கள். வியாழன் தன்னைத்தானே சுற்ற 9 மணி 55 நிமிடங்களே எடுக்கும். மிகவும் தாமதித்தால் சிவப்பில் நின்ற புள்ளி நீலத்தில் நகர்ந்துவிட்டிருக்கும். மூன்றையும் சேர்த்தால் வண்ணப்படம். ஆனால் சேர்ப்பதற்கு முன்னர் தனித்தனியே பார்ப்பதில்தான் சுவை. வெள்ளிக் கிரகம் சாதாரண ஒளியில் துடைத்துவிட்ட வெண்சுவர். புறஊதா வடிகட்டி போட்டால் அதன் முகில்களில் கரிய வரிகள் எழும். வியாழனை 889 நானோமீற்றர் அலைநீளத்தில், அதாவது மெதேன் வாயு ஒளியை விழுங்கும் இடத்தில் பார்த்தால், கிரகம் இருண்டுபோக, உயரத்தில் நிற்கும் பெருஞ் செம்புள்ளி மட்டும் வெளிச்சமாய் நிற்கும். செவ்வாயின் கரிய நிலப்பகுதிகள் சிவப்பில் துல்லியமாகத் தெரியும். அதன் மெல்லிய மேகங்கள் நீலத்தில்தான் வெளிச்சமாகும். ஒவ்வொரு வடிகட்டியும் ஒரு சாட்சி. ஒருவருக்கொருவர் பேசி வைக்காத சாட்சிகள்.

அடுக்கிய படம் மென்மையாக, பனி மூடியதுபோல் இருக்கும். அதைக் கூர்மைப்படுத்த மென்பொருளில் சில நகர்த்திகள் உண்டு. வலப்பக்கம் தள்ளத் தள்ள விவரங்கள் எழும்பி வரும். கைதேர்ந்தவர்கள் ஓரிடத்தில் நிறுத்துவார்கள். மற்றவர்கள் நிறுத்த மாட்டார்கள். அந்த நகர்த்திக்குத் தன் எல்லை தெரியாது. இருக்கும் விவரம் முடிந்த பின்னரும் அது விவரம் தந்துகொண்டே இருக்கும்.

இங்கே ஒரு பழைய கதையைத் தொடாமல் போகமுடியவில்லை. 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை எங்கள் ஊர்க் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. ‘சுடர் ஒளி’ பத்திரிகையின் ஊர்ச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் வைத்தியசாலைப் பிணவறைக்குச் சென்று உடல்களைப் படம் பிடித்தார். அவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதை அந்தப் படங்கள் காட்டின. அதே மாதம் 24 ஆம் திகதி காலை அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கின் சந்தேகநபர்கள் பதின்மூவரும் போதிய சாட்சியம் இல்லை என்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள்.

நானும் அந்நாளில் இவ்வூரில் இருந்துதான் செய்தி எழுதினேன். என்னிடமும் ஒரு கமரா இருந்தது. நான் பிணவறைக்குப் போகவில்லை. அதற்குக் காரணங்கள் இருந்தன. அவற்றை இங்கே அடுக்கப்போவதில்லை.

அவர் இறந்து சரியாக ஒரு மாதம் கழித்து, 2006 பெப்ரவரி 24 இல், பிலிப்பைன்ஸ் நாட்டின் சேபு நகரில் கிறிஸ்டோபர் கோ என்ற தளபாட வணிகர் வியாழனைப் படம் பிடித்தார். அவர் ஊரும் எங்கள் ஊரைப்போல் கடலோரத் துறைமுக நகரம். பத்துப் பாகை வடக்கு. 1998 க்கும் 2000 க்கும் இடையில் மூன்று வெண்புள்ளிகள் ஒன்றாகிப் பிறந்த ஒரு பெரும் புயல், வெள்ளையிலிருந்து சிவப்பாக நிறம் மாறிவிட்டிருந்ததை அவர் படம் காட்டிற்று. தொழில்முறை ஆய்வாளர்களின் பார்வைக்குத் தப்பியதை ஒரு வணிகர் கண்டார். இதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே படித்தேன். அந்தத் திகதியில் அதே வியாழன் எங்கள் மாடிக்கு மேலாகவும் போயிருக்கிறது. நாங்கள் ஆறு மணிக்கே கதவைச் சாத்தியிருந்தோம்.

இப்போது 2020 க்கு வருகிறேன். ஒக்டோபர் 6 இல் செவ்வாய் 6 கோடியே 20 இலட்சம் கிலோமீற்றர் தூரத்துக்கு வந்தது. அத்தனை அருகில் இனி 2035 இல்தான் வரும். எங்களுக்கு அது நள்ளிரவில் ஏறக்குறைய நேர் உச்சியில் நின்றது. மழை தொடங்குவதற்கு முந்திய நாட்கள், காற்றும் அடங்கியிருந்தது. மூன்று இரவுகள் தூங்காமல் எடுத்தேன். சிவப்பில் கரிய நிலங்கள் அவ்வளவு தெளிவாக விழுந்ததை அதற்கு முன்னர் நான் கண்டதில்லை. நகர்த்தியைத் தள்ளினேன். இன்னும் கொஞ்சம் தள்ளினேன். கிரகத்தின் ஒரு விளிம்பை ஒட்டி, மெல்லிய வெளிச்ச வளைவு ஒன்று எழுந்தது.

செவ்வாயில் விடியும் பக்கத்து விளிம்பில் காலை மேகங்கள் தோன்றுவது உண்டு என்று படித்திருந்தேன். இது அதுவேதான் என்று முடிவு கட்டினேன். ‘செவ்வாயின் விளிம்பில் காலை மேகம்’ என்று தலைப்பிட்டு, படத்தோடு ஞாயிறு இதழுக்கு எழுதினேன். ஊரிலிருந்து எடுத்த படம் என்பதில் பலருக்கும் மகிழ்ச்சி. ரொறன்ரோவிலிருந்து அண்ணா தொலைபேசியில் அழைத்துப் பாராட்டினார்.

செவ்வாய்க்கிழமை மாலை அடுத்த வீட்டுப் பிள்ளை வந்தாள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்துக்கொண்டிருந்தவள். இடையிடையே மாடிக்கு வந்து பார்ப்பவள். கையில் பத்திரிகை. அதற்கு முதல் நாள் அவள் கேட்டதற்காக மூன்று நிறப் படங்களையும் தனித்தனியே அனுப்பியிருந்தேன்.

“மாமா, மேகமெண்டால் நீலத்திலைதானே கூடப் பளிச்செண்டு தெரியவேணும்?”

“ஓம்.”

“நீலத்திலை ஒண்டும் இல்லையே. சிவப்பிலை மட்டும்தானே இருக்கு?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவள் போன பின்னர் மடிக்கணினியைத் திறந்து, கூர்மைப்படுத்தாத மூலப் படங்களைப் பார்த்தேன். சிவப்பிலும் அந்த வளைவு இல்லை. நகர்த்தியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். குறைக்கக் குறைக்க வளைவு மெலிந்து மறைந்தது. கூட்டக் கூட்டத் தடித்தது, அதற்கு உட்புறமாகக் கரிய கோடு ஒன்றும் கூடவே வந்தது. வெளிச்சமான வட்டம் கரிய வானத்தைச் சந்திக்கும் கூரிய விளிம்பில், தொலைநோக்கியின் ஒளிச்சிதறலும் மென்பொருளின் கூர்மையாக்கமும் சேர்ந்து உண்டாக்கும் போலி வளைவு அது. இத்துறையில் பழகியவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

செவ்வாய் இப்படி ஏமாற்றியது என்னை மட்டுமல்ல. 1877 இல் இத்தாலியர் ஸ்கியாபரெல்லி அதில் நேர்க்கோடுகளைக் கண்டார். அமெரிக்கர் பேர்சிவல் லோவெல் அவற்றை அறிவுள்ள உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்று நூல்கள் எழுதினார். 1965 இல் மரினர் 4 விண்கலம் அருகில் போய்ப் பார்த்தபோது கால்வாய் ஒன்றும் இல்லை. அவர்களிடம் மென்பொருள் இருக்கவில்லை. கண்ணும் ஆசையுமே அந்த நகர்த்தியைத் தள்ளின. பெரியவர்களே ஏமாந்தார்கள் என்பது ஆறுதல்தான். ஆனால் லோவெலுக்கு அடுத்த வீட்டில், நீலத்தில் ஏன் இல்லை என்று கேட்க ஒரு பிள்ளை இருக்கவில்லை. எனக்கு இருந்தாள்.

திருத்தம் போடவேண்டும் என்று தெரிந்தும் இரண்டு நாள் இழுத்தடித்தேன். செவ்வாயில் மேகம் இருந்தால் யாருக்கு என்ன, இல்லாவிட்டால் யாருக்கு என்ன? எவரும் போய்ப் பார்க்கப்போவதில்லை. பிழையைக் கண்டது ஒரே ஒரு பிள்ளை. அவளும் யாரிடமும் சொல்லமாட்டாள். இப்படி என் மனம் எனக்கே வாதாடியது. வாதம் முடியும் இடத்தில் அந்தப் பிணவறைப் படங்கள் நினைவுக்கு வந்தன. ஒரு படத்தில் இருப்பதை இருப்பதாகக் காட்டியதற்காக இந்த ஊரில் ஒருவர் உயிரைக் கொடுத்தார். நானோ எந்த ஆபத்தும் இல்லாத ஒரு மாடியில் இருந்து, பாராட்டுக்காக, இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதியிருக்கிறேன். பொய் சிறிது என்பது ஒரு நியாயமாக எனக்குப் படவில்லை. பெரிய உண்மைகளைச் சொல்லத் துணியாதவன் சிறியவற்றிலாவது சரியாக இருக்கவேண்டும் அல்லவா?

அடுத்த ஞாயிறு நான்கு வரி எழுதினேன். கடந்த வாரம் வெளியான செவ்வாய்ப் படத்தில் மேகம் என்று குறிப்பிடப்பட்ட வளைவு, படத்தை அளவுக்கு மீறிக் கூர்மைப்படுத்தியதால் உண்டான போலித் தோற்றம், நீல வடிகட்டியில் எடுத்த படத்தில் அது இல்லை, இதைச் சுட்டிக்காட்டியவர் உயர்தர மாணவி ஒருவர், வாசகர்கள் பொறுத்துக்கொள்க. கூடவே, கூர்மைப்படுத்தாத படத்தையும் சேர்த்தேன். மங்கலான, அழகில்லாத படம்.

அன்றிலிருந்து சில வழக்கங்களை வைத்திருக்கிறேன். மூல வீடியோவை அழிப்பதில்லை. படத்தின் கீழே நேரம், வடிகட்டி, எத்தனை படங்களில் எத்தனை எடுக்கப்பட்டன என்பவற்றை எழுதுகிறேன். புதிதாக ஏதேனும் தென்பட்டால் மற்ற இரு நிறங்களிலும், முடிந்தால் மறுநாள் இரவிலும் தேடிப் பார்க்கிறேன். நகர்த்தியை எனக்குப் பிடித்த இடத்திலிருந்து சற்றே பின்னுக்கு இழுத்து நிறுத்துகிறேன். என் படங்கள் இப்போது முன்னைவிட மங்கல். அண்ணாகூட, “என்னடா, கமரா பழுதோ?” என்று கேட்டார்.

திருத்தம் வெளியான நாள் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் வயது முதிர்ந்த வாசகர், குரலில் தெரிந்தது.

“தம்பி, செவ்வாயிலை மேகம் இல்லையெண்டு திருத்தம் போட்டிருக்கிறியள். வாசிச்சன். நல்லது.”

நன்றி சொன்னேன். அவர் வைக்கவில்லை.

“இந்த ஊரைப் பற்றி எத்தினை வருசமாய் எத்தினை பொய்யை உங்கடை பேப்பருகளிலை வாசிச்சிருப்பன். அதுகளிலை ஒண்டுக்காவது இப்பிடி நாலு வரி வருமோ?”

என்னிடம் அதற்கு விடை இருக்கவில்லை. முயன்று பார்க்கிறேன் ஐயா, என்று மட்டும் சொன்னேன். 2006 ஆம் ஆண்டைப் பற்றி இவ்வளவையாவது இங்கே எழுதத் துணிந்தது அவருக்குக் கொடுத்த அந்த வாக்கினால்தான்.